தங்கம் தேட டிடெக்டர் வாங்குவோருக்கு: முதலில் மண், பிறகு மெஷின்

யாழ்ப்பாணத்துக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். கடலடியில் படிந்து இறுகிய கல் அது. தங்கம் ஓடும் குவார்ட்ஸ் பாறை எங்கள் பக்கம் கிடையாது. அப்படியிருந்தும் தங்கம் தேடும் டிடெக்டர் பற்றி என்னிடம் கேட்கிற ஆட்கள் குறையவில்லை. காரணம் என் பழைய வேலை. முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றும் பிரிவில் வருடக்கணக்காக டிடெக்டர் பிடித்தவள் நான். இப்போது கோப்பாயில் வீட்டோடு இருக்கிறேன்.

கேட்கிறவர்கள் இரண்டு வகை. ஒன்று, அவுஸ்திரேலியாவில் இருக்கிற சொந்தக்காரர். என் தம்பி மெல்பேர்னில் இருக்கிறான். சனி ஞாயிறில் பென்டிகோப் பக்கம் போய்த் தங்கம் தேடும் ஆசை அவனுக்கு. "அக்கா, எந்த மெஷின் வாங்கலாம்?" என்று தொடங்கியவன், பிறகு தன் சிநேகிதர்களுக்கும் என் நம்பரைக் கொடுத்துவிட்டான். மற்ற வகை, 1995 இடப்பெயர்வில் அம்மம்மா வளவுக்குள் தாட்டுவிட்டுப் போன நகையை இப்போது தேட நினைக்கிற ஊர்ச் சனம். முதலாம் வகைக்குத்தான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி. இரண்டாம் வகைக்குச் சொல்ல வேண்டியதைக் கடைசியில் சொல்கிறேன், அதை வாசிக்காமல் விடவேண்டாம்.

தம்பி கேட்டது மெஷினின் பெயரை. நான் திருப்பிக் கேட்டது மண்ணை. எந்த ஊரில் தேடப் போகிறாய், மண் என்ன நிறம், எவ்வளவு பெரிய கட்டி கிடைக்கும் இடம் அது? இதற்குப் பதில் இல்லாமல் கடைக்குப் போனால் விற்கிறவர் சொல்கிறதைத்தான் வாங்கிக்கொண்டு வரவேண்டும்.

தம்பி இருக்கிற மெல்பேர்ன் விக்டோரியா மாநிலத்தில் இருக்கிறது. அங்கே தங்க வேட்டை தொடங்கியது 1851இல். பலாரட், பென்டிகோ, டனோலி என்று பழைய தங்க ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. 1869இல் மொலியாகுல் என்ற இடத்தில் மண்ணுக்குக் கீழே சில சென்ரிமீற்றரில் "வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்" என்ற மிகப் பெரிய கட்டி அகப்பட்டது. டிடெக்டர் காலத்திலும் அந்தப் பக்கம் ஏமாற்றவில்லை. 1980இல் கிங்கவர் ஊருக்குப் பக்கத்தில் ஒருவர் டிடெக்டரால் எடுத்த "ஹேண்ட் ஒஃப் ஃபெய்த்" 27 கிலோவுக்கு மேல். இந்தக் கதைகளைக் கேட்டுத்தான் எல்லோரும் பெரிய மெஷின் வாங்க ஓடுகிறார்கள். ஆனால் இன்றைக்கு ஒருவர் போனால் கிடைக்கக்கூடியது பெரும்பாலும் ஒரு கிராமுக்கும் குறைந்த துணுக்குகள். முன்னால் போனவர்கள் பெரியதை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த மண்ணின் தொல்லை இரும்பு. கோப்பாய், உரும்பிராய்ச் செம்பாட்டு மண் சிவப்பாக இருப்பதும் இரும்பு ஒட்சைட்டால்தான். விக்டோரியாவின் தங்க நிலங்கள் பலவற்றில் அதற்கு மேலே இரும்புக்கற்கள் வேறு சிதறிக் கிடக்கும். சில கற்கள் உலோகம் மாதிரியே கத்தும். தங்கம் தேடுகிறவர்கள் அவற்றை "ஹொட் ரொக்" என்பார்கள். டிடெக்டருக்கு மண்ணே சத்தம் போடத் தொடங்கினால் அதற்குள் கிடக்கிற சின்னத் துணுக்கின் சத்தம் காதுக்கு வராது. விலை கூடின மெஷினில் நீங்கள் காசு கொடுப்பது முக்கியமாக இந்த மண் சத்தத்தை அடக்குகிற திறமைக்குத்தான்.

இரண்டு வகை மெஷின்

கடையில் இருக்கிற டிடெக்டர்களை வி.எல்.எஃப், பி.ஐ என்று இரண்டாகப் பிரிக்கலாம். வி.எல்.எஃப், அதாவது மிகத் தாழ்ந்த அதிர்வெண் (வெரி லோ ஃபிரீக்வென்சி) மெஷின், நிறுத்தாமல் ஒரு காந்தப் புலத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும், அதே நேரத்தில் கேட்டுக்கொண்டும் இருக்கும். பி.ஐ, அதாவது பல்ஸ் இன்டக்‌ஷன், ஒரு துடிப்பை அனுப்பிவிட்டுச் சட்டென்று நிறுத்தும், பிறகு அந்த அமைதியில் கேட்கும். அந்தத் துடிப்பால் நிலத்துக்குள் கிடக்கும் உலோகத்தில் எழுந்த சுழல் மின்னோட்டம் உடனே அடங்காமல் கொஞ்ச நேரம் இழுபடும். மண்ணில் உள்ள காந்தக் கனிமங்களின் பதிலோ பெரும்பாலும் முதலிலேயே முடிந்துவிடும். அதனால் இரும்பு கூடிய மண்ணில் பி.ஐ அமைதியாக ஓடும், ஆழமாகவும் பிடிக்கும்.

அப்படியென்றால் எல்லோரும் பி.ஐ வாங்கவேண்டியதுதானே? இங்கேதான் தங்கத்தின் அளவு வருகிறது. கோயில் மணியை அடித்தால் ஓசை நெடுநேரம் நிற்கும், சைக்கிள் மணியின் ஓசை அடித்த கையோடு போய்விடும். பெரிய கட்டிக்கும் சின்னத் துணுக்குக்கும் அதே வித்தியாசம். குன்றிமணியை விடச் சின்னத் துணுக்கில் மின்னோட்டம் அவ்வளவு வேகமாக அடங்கிவிடுவதால், பழைய பி.ஐ மெஷின்கள் காது கொடுக்கத் தொடங்கும்போது அது முடிந்திருக்கும். வி.எல்.எஃப் மெஷினில் அதிர்வெண் கூடக்கூடச் சின்னத் தங்கம் நன்றாகத் தெரியும். நாணயம் தேடும் சாதாரண மெஷின்கள் 5 முதல் 15 கிலோ ஹேர்ட்ஸ் அளவில் ஓடும். தங்கத்துக்கென்று செய்தவை அதற்கு மேலே: மைன்லாப் கோல்ட் மொன்ஸ்டர் 1000 என்பது 45, கேரட் (Garrett) நிறுவனத்தின் கோல்ட்மாஸ்டர் 24கே 48, நொக்டா கோல்ட் குரூசர் 61, பழைய ஃபிஷர் கோல்ட் பக் 2 என்பது 71 கிலோ ஹேர்ட்ஸ். விளம்பரத்தில் "தங்கத்துக்கும் நல்லது" என்று போட்ட மெஷினில் இந்த இலக்கத்தைத் தேடிப் பாருங்கள். இருபதுக்குக் கீழே இருந்தால் நெல்மணி அளவுத் தங்கத்துக்கு அது தோதில்லை.

பி.ஐ பக்கம் பெரிய பெயர் அடிலெய்டைச் சேர்ந்த மைன்லாப். 1985இல் தொடங்கிய நிறுவனம் அது. அவர்களின் எஸ்.டி 2000 வந்த பிறகுதான், தேடி முடிந்துவிட்டது என்று விட்டுப்போன நிலங்களுக்கு ஆட்கள் திரும்பப் போனார்கள். எஸ்.டி.சி 2300 மடிக்கக்கூடியது, தண்ணீருக்குள்ளும் பிடிக்கலாம், சின்னத் தங்கத்தில் கெட்டிக்காரி. ஜி.பி.எக்ஸ் 5000 பழையது. பற்றரியை முதுகில் கட்டிக்கொண்டு திரியவேண்டும், ஆனால் ஆழத்துக்கு இன்றைக்கும் நம்பலாம். 2021இல் வந்த ஜி.பி.எக்ஸ் 6000 சின்னதையும் பெரியதையும் பிடிக்கும், எடை 2.1 கிலோ. ஜி.பி.இசட் 7000 ஆழத்துக்குப் பெயர்போனது, மூன்று கிலோவுக்கு மேல். கேரட் நிறுவனத்தின் அக்சியமும் இந்த வரிசையில் நிற்கக்கூடியது. விலை என்று பார்த்தால், வி.எல்.எஃப் தங்க மெஷின் அவுஸ்திரேலிய டொலரில் ஆயிரத்துச் சொச்சத்தில் தொடங்கும். மேல்வரிசை பி.ஐ எண்ணாயிரம், பத்தாயிரம் என்று போகும்.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். மாதத்துக்கு ஒருமுறை போகப்போகிறாய், குடும்பத்தோடு போகப்போகிறாய், பிடிக்குமோ பிடிக்காதோ தெரியாது. முதலில் 45 கிலோ ஹேர்ட்ஸ் வகை ஒன்றை வாங்கு. பழைய ஆட்கள் தங்கம் எடுத்துவிட்டு ஒதுக்கிய மண்மேடுகளிலும், மண் மெல்லிசாக இருந்து கீழே கற்பாறை தெரிகிற இடங்களிலும் தேடு. ஒரு வருடம் கழித்தும் ஆசை விடாவிட்டால் பி.ஐ பற்றிப் பேசலாம். ஆனால் தேடப்போகும் இடம் கடும் செம்மண், இரும்புக்கல் நிறைந்தது என்று முன்பே தெரிந்தால் வி.எல்.எஃப்புக்குக் கொடுக்கிற காசு வீண். சேர்த்து வைத்துப் பாவித்த பி.ஐ ஒன்று வாங்குவதுதான் புத்தி.

கொயில்

கொயில் என்பது மெஷினின் அடியில், நிலத்துக்கு மேலே ஆட்டுகிற தட்டு. மெஷினை விடக் கொயில் முக்கியம் என்று சொன்னால் விற்கிறவர்கள் சிரிப்பார்கள், ஆனால் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். பெரிய கொயில் பெரிய கட்டியை ஆழத்தில் பிடிக்கும், அதே நேரத்தில் சின்னதைத் தவறவிடும், மண் சத்தத்தையும் கூடுதலாக அள்ளும், கையையும் முறிக்கும். சின்ன நீள்வட்டக் கொயில் புல்லுக்குள்ளும் கல் இடுக்கிலும் நுழையும். பி.ஐ மெஷினுக்கு "மோனோ" கொயில் (அனுப்பவும் கேட்கவும் ஒரே கம்பிச் சுற்று) கூர்மை கூடியது, "டபிள் டி" கொயில் (D வடிவில் இரண்டு சுற்று) மோசமான மண்ணில் அமைதியானது. இரண்டு கொயிலோடு வருகிற மெஷின் கிடைத்தால் அதை எடுங்கள்.

ஆழம் பற்றி ஒரு சொல். நாணய அளவுப் பொருளைச் சாதாரண மெஷின் பிடிப்பது ஏறக்குறையக் கொயிலின் விட்டம் அளவு ஆழத்தில். நெல்மணித் தங்கம் என்றால் சில சென்ரிமீற்றர்தான். எந்த மெஷினாவது சின்னத் தங்கத்தை "மூன்று மீற்றர் ஆழத்தில்" காட்டும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே கதையை முடித்துக்கொண்டு எழும்பி வாருங்கள்.

திரை, இலக்கம், சத்தம்

புதியவர்கள் திரையைப் பார்த்து மயங்குவார்கள். இரும்பு, வெள்ளி, தங்கம் என்று படம் போட்டுக் காட்டுகிற மெஷின்கள் இருக்கின்றன. அது ஊகம் மட்டும். சின்னத் தங்கத் துணுக்கும், சிகரெட் பெட்டியின் ஈயத்தாளும், சோடா ரின்னின் இழுவளையமும் கிட்டத்தட்ட ஒரே இலக்கத்தைக் காட்டும். இலக்கத்தைப் பார்த்துக் குப்பை என்று விட்டால் தங்கத்தையும் விட்டுவிடுவீர்கள். இரும்பை ஒதுக்கும் வசதியும் அப்படித்தான். இரும்பு கூடிய மண்ணில் சின்னத் தங்கத்தை இரும்பு என்று சொல்லி அது விழுங்கிவிடும். பி.ஐ மெஷின்களில் இந்த வசதி மிகக் குறைவு, எல்லாவற்றையும் தோண்டவேண்டும். தோண்டப் பஞ்சிப்படுகிற ஆளுக்கு இந்தப் பொழுதுபோக்கு சரிவராது.

அதனால் திரையை விடச் சத்தத்துக்குக் காசு கொடுங்கள். நல்ல மெஷினில் பின்னால் ஒரு மெல்லிய ரீங்காரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆழத்தில் கிடக்கும் பொருள் பெரிய சத்தம் போடாது. அந்த ரீங்காரம் சற்று உயரும், அல்லது ஒருகணம் உடையும். மிதிவெடி வேலையில் நாங்கள் காதை வைத்திருந்தது அந்தச் சின்ன மாற்றத்தில்தான், ஏனென்றால் சில மிதிவெடிகளில் உள்ள உலோகம் ஊசி முனையளவு. தங்கத்துக்கும் அதே காதுதான் வேண்டும். காதை முழுக்க மூடுகிற ஹெட்போன் கட்டாயம். மெஷினை வாங்கிவிட்டு ஹெட்போனில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

மண்ணுக்கு ஏற்ப மெஷினைச் சரிப்படுத்துவதைக் கிரவுண்ட் பாலன்ஸ் என்பார்கள். தானாகச் செய்யும் மெஷின் தொடக்கக்காரருக்கு நல்லது, ஆனால் கையால் செய்யும் வசதியும் இருக்கவேண்டும். கொயிலை மேலும் கீழுமாக ஆட்டும்போது சத்தம் மாறாமல் இருந்தால் சரி. பத்து இருபது அடி நடந்தால் மண் மாறும், மீண்டும் செய்யவேண்டும். எங்களுக்குக் காலையில் வேலை தொடங்க முன்னும் இடைவேளைக்குப் பின்னும் சோதனைத் துண்டை வைத்து மெஷின் கத்துகிறதா என்று பார்ப்பது கட்டாயம். தங்கம் தேடுகிறவர்களும் ஒரு சின்னத் துணுக்கை, தங்கம் இல்லாவிட்டால் ஒரு ஈயக் குண்டை, பிளாஸ்டிக் அட்டையில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஈயமும் தங்கமும் மெஷினுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

கடையில் சோதிக்கும்போது

எல்லோரும் விரலில் கிடக்கிற மோதிரத்தைக் கழற்றிக் கொயிலுக்குக் கிட்டே காட்டுவார்கள். மெஷின் ஓவென்று கத்தும், உடனே காசை எண்ணிக் கொடுத்துவிடுவார்கள். மோதிரம் ஒரு மூடிய வளையம். மின்னோட்டம் சுற்றி ஓட அதைவிட வசதியான உருவம் இல்லை. மலிவு மெஷின்கூட மோதிரத்துக்குக் கத்தும். அதே எடையுள்ள தங்கச் சங்கிலியைக் காட்டுங்கள். பல மெஷின்கள் வாயே திறக்காது, ஏனென்றால் அதற்குச் சங்கிலி முழுவதாகத் தெரியாது, ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாகத்தான் தெரியும். இயற்கைத் தங்கத் துணுக்கு மோதிரத்தை விடச் சங்கிலிக் கண்ணிக்குத்தான் கிட்ட. எனவே சோதிக்க மெல்லிய சங்கிலி, அல்லது ஒரு தோட்டின் திருகாணி. கடைக்குள் மின்கம்பிகள் குறுக்கிடும், முடிந்தால் வெளியே மண்ணில் வைத்துப் பாருங்கள்.

எடையையும் அங்கேயே பாருங்கள். கையில் இரண்டு நிமிடம் பிடித்துப் பார்ப்பது சோதனை இல்லை. கால் மணி நேரமாவது ஆட்டிப் பாருங்கள். கவசமும் முகமூடியும் போட்டுச் சித்திரை வெயிலில் டிடெக்டர் பிடித்த எனக்கு இதில் சமரசம் கிடையாது: தோள் வலித்தால் கொயில் உயரும், கொயில் நிலத்தில் இருந்து இரண்டு விரல் உயர்ந்தால் அந்த இரண்டு விரல் ஆழமும் போச்சு.

பாவித்த மெஷின் வாங்குகிறவர்கள் கொயிலின் வயரை அங்கங்கே மெதுவாக வளைத்துப் பார்க்கவேண்டும். சத்தம் விட்டுவிட்டு வந்தால் வயர் போய்விட்டது. மைன்லாப் மெஷின்களுக்குப் போலிகள் உலகம் முழுக்கத் திரிகின்றன, வெளித்தோற்றத்தில் அச்சு அசல். இணையத்தில் பாதி விலைக்கு வந்தால் வேண்டாம். தொடரிலக்கத்தை அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகுதான் காசு.

வாங்கவே கூடாதவை

கையில் பிடித்த பெட்டியில் இருந்து ஒரு அன்ரெனா நீண்டு, "முந்நூறு மீற்றருக்கு அப்பால் தங்கம்" என்று தானாகத் திரும்பிக் காட்டும் கருவிகள் இருக்கின்றன. எங்கள் பக்கமும் இவற்றைக் காட்டிக் காசு பறிக்கிறவர்கள் வருகிறார்கள். அதற்குள் வேலை செய்கிற பௌதிகம் ஒன்றும் இல்லை. ஏ.டி.இ 651 என்று இதே மாதிரி ஒரு பொருளை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று ஈராக்குக்கு விற்ற பிரித்தானியருக்கு 2013இல் பத்து வருடச் சிறை. கோல்ஃப் பந்து தேடும் ஒரு விளையாட்டுச் சாமானில் இருந்து உருவானது அது. அதை நம்பிச் சோதனைச் சாவடியில் நின்றவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும்.

போனில் இறக்குகிற "மெட்டல் டிடெக்டர்" செயலிகளும் வேண்டாம். போனுக்குள் இருப்பது திசைகாட்டிக்கான காந்த உணரி. அது இரும்பைத்தான் உணரும். தங்கத்துக்குக் காந்தம் இல்லை.

விக்டோரியாவில் தேட "மைனர்ஸ் ரைட்" என்ற அனுமதி எடுக்கவேண்டும். இணையத்தில் எடுக்கலாம், பத்து வருடம் செல்லும். போகும்போது கையில் வைத்திருங்கள். தேசியப் பூங்காக்கள் பலவற்றில் தேட முடியாது, தனியார் காணி என்றால் சொந்தக்காரரின் சம்மதம் வேண்டும், தோண்டிய குழியை மூடவேண்டும். மற்ற மாநிலங்களுக்கு விதி வேறு.

ஊரில் நகை தேட நினைப்பவர்களுக்கு

சங்கிலி பற்றி மேலே சொன்னதை மறுபடி வாசியுங்கள். தாலிக்கொடியும் சங்கிலியும் ஆழத்தில் கிடந்தால் டிடெக்டருக்குத் தெரிவது அருமை. காப்பும் பவுணும் ஓரளவு தெரியும். ஆனால் அநேகமான அம்மம்மாமார் நகையை வெறும் மண்ணில் தாட்கவில்லை. பால்மாப் பேணியில், எவர்சில்வர் டப்பாவில், பித்தளைச் செம்பில் போட்டுத்தான் தாட்டார்கள். டிடெக்டருக்கு முதலில் தெரிவது பேணிதான். இரும்பை ஒதுக்கும் நிலையில் மெஷினை வைத்துத் தேடுகிறவர் பேணிக்கு மேலாலேயே நடந்து போய்விடுவார். பேணி துருப்பிடித்துக் கரைந்திருந்தாலும் அந்த இடத்து மண் சத்தம் மாறித்தான் கேட்கும்.

இது தெரிந்தும் நான் யாருக்கும் மெஷின் தூக்கிக்கொண்டு போவதில்லை. எங்கள் வளவுகளில் கூரை ஆணியோடு ஷெல் துண்டும் சன்னக் கோதும் கிடக்கின்றன, வெடிக்காத ஷெல்லும் கிடக்கலாம். டிடெக்டருக்குப் பேணியும் ஒன்றுதான், அதுவும் ஒன்றுதான். பொழுதுபோக்கு டிடெக்டரால் மிதிவெடி பார்க்க முடியாது. அது கத்தாத இடம் பாதுகாப்பான இடமும் இல்லை. சட்டம் இன்னொரு பக்கம். தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதியில்லாமல் பழம்பொருள் தேடித் தோண்டுவது குற்றம், புதையல் தோண்டப்போய் ஸ்கேனர் மெஷினோடு பிடிபட்டவர்களின் செய்தி அடிக்கடி வருகிறது. உங்கள் சொந்த வளவு என்றாலும் தொடங்க முன் கிராம அலுவலரிடமும் பொலிசிலும் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் சுங்கத்தில் முன்கூட்டிக் கேட்காமல் டிடெக்டரைச் சூட்கேசில் வைத்துக்கொண்டு வரவேண்டாம்.

காணி துப்புரவாக்கப்பட்டது என்று உறுதியாகத் தெரிந்தால் முதல் வேலை மெஷின் இல்லை, ஞாபகம். வீடு இடிந்திருக்கும், மாமரம் பட்டிருக்கும், வேலி நகர்ந்திருக்கும், ஆனால் கிணறு இடம் மாறாது. கிணற்றுக்கட்டில் இருந்து எந்தப் பக்கம், எத்தனை எட்டு என்று உயிரோடு இருக்கிற மூத்தவர்களிடம் தனித்தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தை அலவாங்கால் குத்தக்கூடாது. பக்கத்தில் இருந்து சிறு கரண்டியால் படலம் படலமாகச் சுரண்டி வரவேண்டும். உருண்டையாகவோ குழாய் மாதிரியோ எதாவது தட்டுப்பட்டால் கையை எடுங்கள், அடையாளம் வையுங்கள், வந்த வழியே திரும்பி நடந்து பொலிஸ் அவசர இலக்கமான 119க்குச் சொல்லுங்கள்.